பசோலியா, குலேரா, காங்ராவா? ஒரே கீத கோவிந்தத் தொகுதிக்கு ஏன் இத்தனை ஊர்ப் பெயர்கள்?

கேள்வி: வேங்கைமலர்

அனைவருக்கும் வணக்கம். இமயமலை அடிவாரச் சிற்றரசுகளில் வரையப்பட்ட பஹாடி சிற்றோவியங்களைச் சில காலமாக அருங்காட்சியகங்களிலும் அவற்றின் இணையத் தொகுப்புகளிலும் தேடிப் பார்த்து வருகிறேன். கலை வரலாற்றை முறையாகப் பயின்றவள் அல்லள். பார்ப்பதில் உள்ள ஈடுபாடு மட்டுமே என் தகுதி. ஆகவே இக்கேள்வி துறை அறிந்தவர்களுக்கு எளிமையாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ராதை, கிருஷ்ணன் காதலைப் பாடும் ஜெயதேவரின் சமஸ்கிருத நூலான கீத கோவிந்தத்துக்காக 1730இல் வரையப்பட்ட ஒரு பெரிய ஓவியத் தொகுதி இருக்கிறது. அதன் ஏடுகள் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஓர் ஏட்டின் கீழ் "பசோலி பாணி, 1730" என்றும், அதே தொகுதியின் இன்னோர் ஏட்டின் கீழ் "குலேர், மானக்கு வரைந்தது" என்றும் பெயர்ச்சீட்டு வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே கையால் ஆனவை என்பது என் போன்றோருக்கே தெரிகிறது. பின்னணி முழுவதும் ஒரே அடர் மஞ்சளாகவோ செங்கல் சிவப்பாகவோ பூசப்பட்டிருக்கிறது. வானத்துக்கு ஏட்டின் மேல் விளிம்பில் ஒரு விரற்கடைதான் இடம். மரங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனி உருண்டைகளாக நிற்கின்றன. கண்கள் காதை நோக்கி நீண்டு கிடக்கின்றன.

இதைவிடப் பெரிய ஐயம் ஒன்று உண்டு. அதே கீத கோவிந்தத்துக்கு 1775ஐ ஒட்டி வரையப்பட்ட வேறொரு தொகுதியைப் பார்த்தேன். அதில் யமுனை வளைந்து தொலைவில் மறைகிறது, பூத்த கிளைகளைக் கொடிகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன, ராதையின் முகம் மென்மையும் ஒடுக்கமும் கொண்டதாக இருக்கிறது. இதைச் சிலர் காங்ரா என்கிறார்கள், சிலர் குலேர் என்கிறார்கள், சிலர் ஊர்ப் பெயரே சொல்லாமல் "மானக்கு, நயின்சுக் ஆகியோருக்கு அடுத்த தலைமுறை" என்று எழுதுகிறார்கள். முதல் தொகுதியை வரைந்தவரின் வீட்டுப் பிள்ளைகளே இரண்டாவதை வரைந்தார்கள் என்பது உண்மையா? உண்மையானால், நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குள் ஒரே வீட்டில் ஓவியம் இவ்வளவு மாறியது எப்படி? பெயர்ச்சீட்டில் உள்ள ஊர்ப் பெயரை எந்த அளவுக்கு நம்பலாம்?

மறுமொழி: பனிவரை

வேங்கைமலர் அவர்களுக்கு வணக்கம். ஒவ்வொரு பெயர்ச்சீட்டும் ஆய்வின் வெவ்வேறு காலகட்டத்தில் எழுதப்பட்டது என்பதுதான் இந்தக் குழப்பத்தின் வேர். புதிய முடிவு வந்தவுடன் எல்லா அருங்காட்சியகங்களும் சீட்டை மாற்றி எழுதுவதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஓவியங்கள் அமிர்தசரஸ் வணிகர்களின் கைகளில் புழங்கியபோது, அடர்ந்த சிவப்பும் மஞ்சளும் கொண்டவற்றை அவர்கள் "திபெத்துப் படங்கள்" என்றே அழைத்தார்கள். திபெத்துக்கும் அவற்றுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. கொழும்பில் பிறந்தவரும் தந்தை வழியில் ஈழத் தமிழருமான ஆனந்த குமாரசுவாமி, ராஜபுத்திர ஓவியம் முகலாய ஓவியத்திலிருந்து வேறானது என்பதை 1916இல் விரிவாக நிறுவியபோது, ராஜஸ்தானி, பஹாடி என்று அதை இரண்டாகப் பகுத்தார். பஹாடியை மறுபடியும் ஜம்மு, காங்ரா என இரண்டாக்கி, இந்த அடர்நிற ஓவியங்களை ஜம்முவில் சேர்த்தார். பசோலி என்ற பெயர் ஆய்வுலகில் வேரூன்றியது அதற்குப் பிறகுதான். பசோலி அரசர் கிர்பால் பாலுக்காக தேவிதாசர் 1694-95இல் வரைந்து முடித்த ரசமஞ்சரித் தொகுதியில் (ரசமஞ்சரி என்பது காதலர் வகைகளைப் பற்றிய சமஸ்கிருத நூல்) ஓவியர், அரசர், ஆண்டு ஆகிய மூன்றும் குறிக்கப்பட்டிருப்பதால், ரவி ஆற்றங்கரையில் உள்ள அந்தச் சிற்றூர் உறுதியான ஓர் ஆதாரப் புள்ளியாயிற்று. அதன் விளைவு என்னவென்றால், நீண்ட கண்ணும் மஞ்சள் பின்னணியும் எங்கே தென்பட்டாலும் அது பசோலி என்று எழுதும் பழக்கம் வந்துவிட்டது.

நீங்கள் சொல்லும் 1730ஆம் ஆண்டுத் தொகுதிக்குப் பசோலிப் பெயர் வந்ததும் இந்த வழியில்தான். அத்தொகுதியின் இறுதியில் சமஸ்கிருதச் செய்யுள் ஒன்று உள்ளது. "முனி, வசு, கிரி, சோமன்" என்ற சொற்களால் ஆண்டு குறிக்கப்படுகிறது: முனிவர் ஏழு, வசுக்கள் எட்டு, மலைகள் ஏழு, சந்திரன் ஒன்று, வலமிருந்து இடமாகப் படித்தால் விக்கிரம ஆண்டு 1787, அதாவது பொது ஆண்டு 1730. ஓவியர் மானக்கு என்றும் அச்செய்யுள் தெளிவாகச் சொல்கிறது. ஊர்ப் பெயரை மட்டும் அது சொல்லவில்லை. ஆகவே "பசோலி" என்பது ஏட்டில் எழுதியிருந்ததைப் படித்துச் சொன்னது அன்று. பாணியைப் பார்த்து ஊகித்தது.

அந்த ஊகத்தைத் தகர்த்தவர் கலை வரலாற்றாசிரியர் பி.என். கோஸ்வாமி. அவர் பிடித்த வழி ஓவியத்துக்குப் புறம்பானது, அதனாலேயே வலுவானது. ஹரித்வாருக்கு அஸ்தி கரைக்கவும் நீராடவும் வரும் குடும்பங்களின் வழிமுறையை, ஊர்வாரியாகவும் சாதிவாரியாகவும், அங்குள்ள பண்டாக்கள் எனப்படும் தீர்த்தப் புரோகிதர்கள் நீண்ட சுவடிகளில் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்திருக்கிறார்கள். வந்தவர் யார், தந்தை யார், பாட்டனார் யார், எந்த ஊர், உடன் வந்தவர் யார் என்பன அனைத்தும் அவற்றில் உண்டு. பல வேளைகளில் வந்தவரே தம் கையால் எழுதிய வரிகளும் உண்டு. கோஸ்வாமி அந்தச் சுவடிகளைப் புரட்டி, ஓவியர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர்களைத் தேடித் தொகுத்து, நில வரிப் பதிவுகளோடு பொருத்திப் பார்த்தார். குலேரைச் சேர்ந்த பண்டித் சேவு, அவருடைய மூத்த மகன் மானக்கு, இளைய மகன் நயின்சுக், இவ்விருவரின் பிள்ளைகள் எனத் தச்சர் குலத்து ஓவியக் குடும்பம் ஒன்றின் கொடிவழி முழுவதும் வெளிப்பட்டது. 1968இல் அவர் முன்வைத்த முடிவு, பஹாடி ஓவியப் பாணிக்கு அடிப்படை அரசவை அன்று, குடும்பம் என்பதாகும். ஓவியர்கள் மலை கடந்து வேறு அரசரிடம் போவார்கள், ஆண்டுக்கணக்கில் அங்கே தங்குவார்கள்; கற்ற கையும் அவர்களோடு போகும். குலேர்க் குடும்பத்தவர் பசோலியில் அமர்ந்து வரைந்தால் அதைப் பசோலி பாணி என்பதா, குலேர் பாணி என்பதா என்ற கேள்வியே இங்கே பொருளற்றுப் போகிறது.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். ஆம், ஒரே வீடுதான். ஆனால் திருப்பம் பேரப்பிள்ளைகள் காலத்தில் வந்ததன்று. அண்ணன் தம்பி காலத்திலேயே வந்துவிட்டது. மானக்கு அகத்தில் கண்டதை வரைபவர். கடவுளரும் அரக்கரும் விழுங்கும் நெருப்பும் அவருக்குக் கைவந்த பொருள்கள். நயின்சுக் கண்ணெதிரே உள்ளதை வரைபவர். ஜஸ்ரோட்டா அரச குடும்பத்தைச் சேர்ந்த பல்வந்த் சிங்கிடம் 1740களில் தொடங்கிப் பல்லாண்டு பணிபுரிந்த அவர், எந்தச் சிற்றோவியரும் பொருட்படுத்தாத தருணங்களையெல்லாம் தாளில் பதித்தார். கூடாரத்தில் தனியே அமர்ந்து எழுதும் பல்வந்த் சிங், நாவிதன் தாடியைத் திருத்த முகத்தை நிமிர்த்திக் கொடுத்திருக்கும் பல்வந்த் சிங், போர்வைக்குள் ஒடுங்கிக் குளிர்காயும் பல்வந்த் சிங் என்று போகிறது அந்த வரிசை. பின்னணி பெரும்பாலும் வெறுமையாக, வெளிறிய சாம்பல் அல்லது வெள்ளையாக இருக்கும். முகலாய ஓவியத்தின் நிழல் நுட்பத்தையும் உருவப்பட மரபையும் அவர் நன்கு அறிந்திருந்தார் என்பது ஒவ்வொரு கோட்டிலும் தெரிகிறது.

மானக்குவின் மக்கள் ஃபத்து, குஷாலா. நயின்சுக்கின் மக்கள் காமா, கௌது, நிக்கா, ராஞ்ஜா. இவர்கள் அனைவரும் சித்தப்பாவின் கையையும் பெரியப்பாவின் கதைகளையும் ஒருங்கே பெற்றார்கள் என்று சொன்னால் மிகையாகாது. 1775ஐ ஒட்டிய கீத கோவிந்தத்தின் பொருள் மானக்குவிடமிருந்து வந்தது, முகமும் நிலக்காட்சியும் நயின்சுக்கிடமிருந்து வந்தன. அதனால்தான் ஊர் சொல்லாமல் "அடுத்த தலைமுறை" என்று எழுதுவோரின் பெயர்ச்சீட்டே நேர்மையானது என்று நான் கருதுகிறேன்.

மறுமொழி: கோடும்வண்ணமும்

பனிவரை அவர்கள் கூறியதோடு பட்டறைப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். நான் இந்த மரபில் வரையப் பழகுபவன். ஆகவே பாணி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குத் தாளும் பசையும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன.

இந்த ஓவியங்களின் தளம் ஒற்றைத் தாள் அன்று. கைத்தாள்கள் பலவற்றை மாவுப்பசையால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, உலர்த்தி, அட்டை போலாக்கி, அதைத்தான் வஸ்லி என்று சொல்வார்கள். அதன்மேல் செங்காவியிலோ கரியிலோ மெல்லிய முதற்கோடு. பிறகு அந்தக் கோடு மங்கலாகத் தெரியும் அளவுக்கு வெண்பூச்சு. அப்பூச்சின்மேல் திருத்திய இரண்டாவது கோடு. அதன் பிறகே நிறம். நிறம் ஒவ்வொரு படலம் ஏறிய பின்னும் ஏட்டைக் கவிழ்த்துப் போட்டு, முதுகுப் பக்கத்தில் வழவழப்பான அகேட் கல்லால் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில்தான் நிறம் தாளோடு ஒன்றிப் பளபளப்புப் பெறுகிறது; முன்பக்கம் நேராகத் தேய்த்தால் நுண்கோடு சிதைந்துவிடும். அணில் வால் மயிரால் கட்டிய தூரிகையின் நுனியில் வளைவு இருக்க வேண்டும். நேர் நுனித் தூரிகை புருவக் கோட்டில் நிற்காது.

நிறங்களில் பெரும்பாலானவை தமிழ் வாசகர்கள் நாட்டு மருந்துக் கடைகளில் கேள்விப்பட்டவைதாம்: அரிதாரம், சாதிலிங்கம், செந்தூரம், அவுரி நீலம், அரக்குச் சிவப்பு. அரிதாரத்தோடு அவுரியைக் கலந்தால் பச்சை. பியூரி என்ற ஆழ்ந்த மஞ்சள் மட்டும் தனிக்கதை. மாவிலை தின்ற பசுக்களின் சிறுநீரைக் காய்ச்சி உருண்டையாக்கிய சரக்கு அது. பீகாரின் முங்கேர் அருகே அதைச் செய்ததைப் பற்றி 1883இல் நேரில் பார்த்தவர் எழுதிய குறிப்பு கிடைக்கிறது. நிறப்பொடி எதுவானாலும் ஒட்டவைப்பது பிசின்தான். பிசின் மிகுந்தால் படலம் வெடிக்கும், குறைந்தால் விரல்பட்டதும் உதிரும்.

இனி வேங்கைமலர் அவர்களின் பெயர்ச்சீட்டுச் சிக்கலுக்கு நேரே பயன்படும் ஒன்றைச் சொல்கிறேன். 1730ஆம் ஆண்டுத் தொகுதியைப் பசோலி என்று பலர் எண்ணியதற்குக் கண்ணும் மஞ்சளும் மட்டும் காரணமல்ல. பொன்வண்டும் ஒரு காரணம். நம் ஊர்ச் சிறுவர்கள் தீப்பெட்டிக்குள் வைத்து வளர்க்கும் அந்தப் பொன்வண்டின் இனத்தைச் சேர்ந்த வண்டுகளின் கடினமான மேற்சிறகைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, கிரீடத்திலும் கழுத்தணியிலும் மரகதம் இருக்க வேண்டிய இடங்களில் ஒட்டுவது பசோலியின் புகழ்பெற்ற வழக்கம். தேவிதாசரின் தொகுதிக்கு முந்தையதான, 1660-70 அளவில் வரையப்பட்டதாகக் கருதப்படும் வேறொரு பசோலி ரசமஞ்சரித் தொகுதியிலேயே இது உண்டு. ஏட்டை அசையாமல் வைத்துப் பார்த்தால் அது கரும்பச்சைப் புள்ளியாகத்தான் தெரியும். சற்றே சாய்த்தால் நீலமும் தங்கமுமாக ஒளிரும். அந்த நிறம் சாயத்தால் வந்ததன்று, சிறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. ஆகவே முந்நூறு ஆண்டுகள் கழிந்தும் மங்கவில்லை. அருகிலேயே முத்துகளுக்கு வெள்ளையைத் தடிப்பாகச் சொட்டுச் சொட்டாக வைத்திருப்பார்கள். பக்கவாட்டில் விளக்குப் பட்டால் ஒவ்வொரு முத்துக்கும் தனி நிழல் விழும். கண்ணாடிப் பேழைக்குள் நேர் வெளிச்சத்தில் வைத்துக் காட்டும்போது இவை இரண்டுமே காணாமல் போய்விடுகின்றன. அரண்மனையில் இந்த ஏடுகளைக் கையில் ஏந்தி, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள் என்பதைக் காட்சியமைப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் குறை.

மானக்குவின் கீத கோவிந்த ஏடுகளிலும் இந்தச் சிறகுத் துண்டுகள் உள்ளன. அதாவது, பசோலியில் புகழ்பெற்ற ஒரு கைநுட்பம் குலேர்க் குடும்பத்திடமும் இருந்தது. ஆகவே பொன்வண்டுச் சிறகை ஊர் முத்திரையாகக் கொள்ள முடியாது.

ஒரே வீட்டின் கையை அடையாளம் காண விரும்பினால், முடிக்கப்பட்ட ஏடுகளைவிட முடிக்கப்படாதவை உதவும். 1725ஐ ஒட்டி வரையப்பட்டு, இன்று மானக்குவின் கைக்கு உரியதாகக் கருதப்படும் இலங்கை முற்றுகைத் தொகுதியைப் பாருங்கள். குமாரசுவாமி ஜம்மு என்று வகைப்படுத்திய அதே ஓவியங்கள்தாம். வழக்கமான சிற்றோவிய ஏட்டைவிடப் பன்மடங்கு பெரிய அந்தத் தாள்களில் சில முழுமையாக நிறம் ஏற்றப்பட்டவை, சில பாதி நிறத்தோடு நிற்பவை, சில வெறும் கோட்டோடு நின்றுவிட்டவை. இலங்கையின் பொன்மதில், குரங்குப் படையின் நெரிசல், அரக்கரின் பல்வரிசை ஆகியவை எந்த வரிசையில் தாளில் ஏறின என்பதை அங்கே படிப்படியாகப் பார்க்கலாம். பெரிய தொகுதிகளில் கோடு போடுபவர் ஒருவராகவும் நிறம் நிரப்புபவர் வேறொருவராகவும் இருப்பது இயல்பு. ஆகவே "மானக்கு" என்ற ஒற்றைப் பெயரை நாம் எழுதும்போதும் பின்னால் ஒரு பட்டறை உட்கார்ந்திருக்கிறது.

மறுமொழி: சுஜான்பூர்வாசகர்

குடும்பமே பாணி என்ற கருத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த இழையில் அரசர்கள் முற்றிலும் மறைந்துபோவதாக உணர்கிறேன். அதை அப்படியே விட மனமில்லை.

நயின்சுக்கின் கையில் பல்வந்த் சிங் போன்ற ஒருவர் கிடைக்காமல் போயிருந்தால் அந்த ஓவியங்கள் பிறந்திருக்குமா? தம் தாடி திருத்தப்படுவதையும் தம் தனிமையையும் வரைய ஒப்புக்கொண்ட, ஒருவேளை விரும்பிக் கேட்ட புரவலர் அவர். சூரிச் நகரின் ரீட்பெர்க் அருங்காட்சியகத்தில் உள்ள ஓர் ஓவியத்தில், பல்வந்த் சிங் ஹூக்காவோடு அமர்ந்து கையிலுள்ள ஒரு படத்தைக் கூர்ந்து பார்க்க, ஓவியர் அருகிலேயே பணிவோடு இருக்கிறார். அரசருக்கும் ஓவியருக்கும் இடையிலான நெருக்கத்தை இதைவிடத் தெளிவாக ஓர் ஆவணம் காட்ட முடியாது. 1763இல் பல்வந்த் சிங் இறந்தபோது அஸ்தியோடு ஹரித்வார் சென்றவர்களில் நயின்சுக்கும் ஒருவர். பண்டாவின் சுவடியில் தம் கையெழுத்தோடு ஒரு சித்திரத்தையும் வரைந்துவிட்டு வந்தார். அதன் பிறகு பசோலி அரசர் அம்ரித் பாலிடம் சேர்ந்தார். புரவலர் மாறியபின் அந்தரங்கமான அந்தப் பார்வை மறுபடி வரவேயில்லை. கை அதேதான், மாறியது எதிரே அமர்ந்திருந்தவர்.

காங்ராவின் சன்சார் சந்தையும் நினைத்துப் பாருங்கள். 1775இல் பத்து வயதில் அரியணை ஏறி, 1786இல் காங்ரா கோட்டையைக் கைப்பற்றி, சுற்றியிருந்த மலையரசர்களையெல்லாம் அடக்கி ஆண்டவர். அவருடைய செல்வமும் கிருஷ்ண பக்தியும் இல்லாமல் பாகவதமும் கீத கோவிந்தமும் அத்தனை பெரிய தொகுதிகளாக வரையப்பட்டிருக்குமா என்பது ஐயமே. 1806 முதல் கூர்க்காக்கள் கோட்டையை முற்றுகையிட்டார்கள். 1809இல் உதவிக்கு வந்த சீக்கிய மன்னர் ரஞ்சித் சிங் கோட்டையைத் தமக்கே வைத்துக்கொண்டார். செல்வம் குன்றியதும் ஓவியத்தின் தரமும் குன்றியது. கை அப்படியேதான் இருந்தது, அதற்கு வேலை கொடுக்கும் அவைதான் சுருங்கிற்று. இருந்தும் 1820இல் மூர்கிராஃப்ட் என்ற பயணி சன்சார் சந்தைச் சந்தித்தபோதும் அவர் ஓவியர்களை வைத்துக்கொண்டிருந்தார் என்ற குறிப்பு உண்டு.

இன்னொன்றையும் கேட்கிறேன். 1739இல் பாரசீக மன்னர் நாதிர் ஷா டெல்லியைச் சூறையாடியபின் அங்கிருந்து ஓடிவந்த ஓவியர்களே மலைநாட்டுக்கு முகலாய மென்மையைக் கொண்டுவந்தார்கள் என்ற பழைய விளக்கத்தை இந்த இழையில் யாரும் எடுக்கவே இல்லையே. அது முற்றிலும் கைவிடப்பட்டதா?

மறுமொழி: பனிவரை

சுஜான்பூர்வாசகர் அவர்களின் திருத்தத்தை மகிழ்வோடு ஏற்கிறேன், ஒரு வரம்போடு. அரசர் எதை வரையச் சொல்கிறார், எத்தனை ஏடுகள், எவ்வளவு தங்கம் என்பனவற்றை அவை தீர்மானிக்கிறது. கண் எப்படி வளைகிறது, மரம் எப்படி நிற்கிறது என்பனவற்றைக் கற்பித்த தந்தை தீர்மானிக்கிறார். இதற்குக் காங்ராவிலேயே சான்று உண்டு. சன்சார் சந்திடம் பணிபுரிந்த புர்க்கு என்ற ஓவியர் நயின்சுக் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்லர். அவருடைய ஓவியங்களில் கூட்டங்களும் விழாக்களும் தெளிவான, சற்றே விறைப்பான ஒழுங்கோடு அமைந்திருக்கும். நயின்சுக் வழியினரின் இழைவு அங்கே இருக்காது. ஒரே அரசர், ஒரே காலம், ஆனால் இரண்டு கைகள். "காங்ரா பாணி" என்ற ஒரே பெயரால் இரண்டையும் குறித்தால் எதையும் சொன்னதாகாது.

நாதிர் ஷா விளக்கத்தைப் பொறுத்தவரை, அது முழுமையாகக் கைவிடப்பட்டது என்பதைவிட, தேவையற்றதாகிவிட்டது என்பதே பொருத்தம். மலையரசர்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே முகலாய அவையோடு தொடர்புள்ளவர்கள்; மலையிலிருந்து ஒருவர் சமவெளிக்குச் சென்று அங்குள்ள முறையைப் பார்த்துத் திரும்பியிருக்க எந்தத் தடையும் இல்லை. 1739க்கு முன்பே நயின்சுக்கின் கையில் அந்த மென்மை தொடங்கிவிட்டதாகவே கருதப்படுகிறது. பெயர் தெரியாத அகதி ஓவியர் கூட்டம் ஒன்றைக் கற்பனை செய்வதைவிட, பெயரும் ஊரும் தந்தையும் தெரிந்த ஒருவரின் கற்றலால் இந்த மாற்றத்தை விளக்குவது எனக்கு நிறைவளிக்கிறது.

மறுமொழி: வேங்கைமலர்

அனைவருக்கும் மிக்க நன்றி. மேலும் இரண்டு ஐயங்கள். 1730ஆம் ஆண்டு ஏடுகளை இந்தியாவில் எங்கே மிகுதியாகப் பார்க்க முடியும்? அடுத்து, வணிகர் ஒருவர் "பதினெட்டாம் நூற்றாண்டுப் பசோலி, உண்மைப் பொன்வண்டுச் சிறகு" என்று கூறி எனக்கு ஓர் ஏட்டின் ஒளிப்படத்தை அனுப்பியிருக்கிறார். முதுகில் பாரசீக எழுத்தில் கணக்கு வரிகள் தெரிகின்றன. விலை மலிவாகச் சொல்கிறார். இதைப் பொருட்படுத்தலாமா?

மறுமொழி: பனிவரை

முதல் ஐயத்துக்கு மட்டும் சொல்கிறேன்: சண்டிகர் செல்லுங்கள். 1730ஆம் ஆண்டுத் தொகுதியின் பெரும்பகுதி லாகூர் அருங்காட்சியகத்தில் இருந்தது. பிரிவினைக்குப் பின் அந்தச் சேகரிப்பைப் பாகிஸ்தானுக்கு அறுபது விழுக்காடு, இந்தியாவுக்கு நாற்பது விழுக்காடு என்ற கணக்கில் பிரித்தபோது இந்தியப் பங்குக்கு வந்த ஏடுகள், லெ கொர்பூசியே வடிவமைத்து 1968இல் திறக்கப்பட்ட சண்டிகர் அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. டெல்லி தேசிய அருங்காட்சியகத்திலும் பஹாடி சேகரிப்பு வளமானது. ஜம்முவின் டோக்ரா கலை அருங்காட்சியகத்தில் பசோலி ரசமஞ்சரி ஏடுகள் உள்ளன. சம்பாவின் பூரி சிங் அருங்காட்சியகத்துக்குச் சென்றால் ஓவியங்களோடு சம்பா ருமால்களையும் விடாமல் பாருங்கள். ஓவியர்கள் துணியில் கரிக்கோடு போட்டுக் கொடுக்க, பெண்கள் இருபக்கமும் ஒன்றுபோலத் தெரியும்படி பட்டு நூலால் நிரப்பிய தையல் வேலை அது. நயின்சுக்கின் மகன் நிக்கா சம்பா அரசரிடம் பணிபுரிந்தவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தக் கோடுகளைப் பார்த்தால், ஓவியப் பட்டறையின் எல்லை தாளோடு முடியவில்லை என்பது தெரியும்.

மறுமொழி: கோடும்வண்ணமும்

வணிகர் பற்றிய ஐயத்துக்கு என் மறுமொழி, வேண்டாம் என்பதே.

முதுகில் உள்ள கணக்கு வரிகள் பழமைக்குச் சான்று ஆகா. பழைய கணக்கேடுகளையும் முத்திரைத் தாள்களையும் வாங்கி, அவற்றின் வெற்றிடத்தில் புதிதாக வரைந்து விற்பது பரவலான தொழில். தாள் உண்மையிலேயே பழையது, ஓவியம் சென்ற மாதத்தது. உண்மையான பசோலி, குலேர் ஏடுகளில் நீங்கள் எதிர்பார்க்க வேண்டியவை வேறு: மேல் விளிம்பில் அந்தப் பக்கத்து மலைமொழிகளை எழுதப் பயன்பட்ட டாக்ரி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கலாம், முதுகில், ஓவியம் எந்தச் செய்யுளுக்கானதோ அந்தச் சமஸ்கிருதச் செய்யுள் நாகரியில் இருக்கலாம். ஓவியத்துக்குச் சற்றும் தொடர்பில்லாத பாரசீகக் கணக்கு வரிகள் அங்கே வர வேண்டிய காரணம் இல்லை. பொன்வண்டுச் சிறகும் இன்று எளிதில் கிடைக்கும் பொருள். அது இருப்பதால் பழமை உறுதியாகாது. ஒளிப்படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கண் இமைக்கோடும் நெற்றி மயிரும் தனித்தனி இழைகளாக, ஒவ்வொன்றும் தொடக்கத்தில் மெலிந்தும் நடுவில் தடித்தும் முடிவில் மறுபடி மெலிந்தும் போகின்றனவா, அல்லது ஒரே தடிப்பில் இழுத்துவிடப்பட்டவையா என்று கவனியுங்கள். இரண்டாவதானால் மேலே ஆராய ஒன்றுமில்லை. புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சு.

அது உண்மையாகவே பழையதாக இருந்தாலும் சிக்கல் உண்டு. நூறாண்டுக்கு மேற்பட்ட ஓவியங்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வருபவை. அவற்றை வணிகமாக விற்பவரிடம் உரிமம் இருக்க வேண்டும், பதிவுக்கான ஆவணங்களையும் கேட்டுப் பெற வேண்டும், தனியார் எவரும் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. உரிமத்தின் படியைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் உரையாடல் அங்கேயே நின்றுவிடும்.

சுவரில் மாட்டுவதற்கு ஒன்று வேண்டுமென்றால், பசோலியிலும் காங்ராவிலும் இன்றும் வரைபவர்களிடம் புதியது என்று தெரிந்தே வாங்குங்கள். பசோலி ஓவியத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காங்ரா ஓவியத்துக்கு அதற்கு முன்பே கிடைத்துவிட்டது. வாங்கும் முன், நிறங்களில் எவை கல்நிறம், எவை புட்டி நிறம் என்று கேளுங்கள், வஸ்லியை எத்தனை தாள் ஒட்டிச் செய்தார்கள் என்றும் கேளுங்கள். நேர்மையான ஓவியர் புட்டி நிறம் கலந்திருந்தால் அதையும் சொல்வார், அதற்கேற்ப விலையும் குறையும்.